"பேமென்ட் வந்துச்சாம்மா?" - எம்.பி.எஸ் கதையும் என் பாக்கிப் பணமும்!

செங்கல்பட்டு ரயிலைப் பிடித்து ஊரப்பாக்கத்தில் இறங்கி வீட்டுக்கு வர, தினமும் ராத்திரி ஒன்பதாகிவிடும். கீழ்வீட்டுத் தாத்தா அப்போதும் வாசலில் உட்கார்ந்திருப்பார். சினிமா ரெக்கார்டிங்குகளில் வயலின் வாசித்தவர். விரல்கள் நடுங்க ஆரம்பித்த பிறகு வயலின் பெட்டியைத் திறப்பதே இல்லை.

"இன்னிக்கு என்ன நியூஸ் போட்டே?" என்றார் ஒருநாள்.

"எம்.பி.சீனிவாசன் நூற்றாண்டு, தாத்தா" என்று போனை நீட்டினேன். நான் தயார்செய்த கார்டுகள்தான். 1925-ல் சித்தூரில் பிறந்தவர். 1960-ல் 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசை. அதில் ஜெயகாந்தனும் பாட்டு எழுதினார். 1961-ல் யேசுதாஸின் முதல் சினிமாப் பாடலைப் பதிவுசெய்தவர். அடூர் கோபாலகிருஷ்ணனின் 'சுயம்வரம்', 'எலிப்பத்தாயம்' படங்களின் இசையமைப்பாளர்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தவர், "எல்லாம் சரிம்மா. எங்க சம்பளத்தை விட்டுட்டியே!" என்றார்.

எனக்குப் புரியவில்லை. தாத்தாவே சொன்னார்.

"அந்தக் காலத்துல வாசிச்சுட்டு வந்துடுவோம். பேசின காசு எப்ப வரும்னு தெரியாது. போய்க் கேட்டா, அடுத்த ரெக்கார்டிங்குக்குக் கூப்பிட மாட்டாங்களோன்னு பயம். எம்.பி.எஸ் நினைச்சா, தன் படம், தன் பாட்டுன்னு இருந்திருக்கலாம். ஆனா வாத்தியக்காரங்களுக்குச் சங்கம் வேணும்னு முன்னால நின்னார். இசையமைப்பாளரே நமக்காகப் பேசுறார்னு தெரிஞ்ச அப்புறம்தான் எங்களுக்கெல்லாம் தைரியம் வந்துச்சு."

அவர் நடத்திய 'சென்னை இளைஞர் இசைக்குழு' பற்றியும் சொன்னார். பாடகர்கள் என்று பெயர் வாங்காத சாதாரண இளைஞர்களைச் சேர்த்து, பாரதியார் பாடல்களைப் பல குரல் அடுக்குகளில் பாடவைத்தார் எம்.பி.எஸ். சேர்ந்திசை! ஒரே மெட்டை எல்லோரும் ஒன்றாகப் பாடுவதல்ல அது. ஒவ்வொரு பிரிவுக்கும் தனி வரிசை உண்டு. பக்கத்தில் நிற்பவரின் குரலைக் கேட்டுக்கொண்டே தன் வரிசையை விடாமல் பாட வேண்டும்.

"அவர் வாயே திறக்க மாட்டார். கை மட்டும்தான் பேசும். இந்தப் பக்கம் தூக்கினா இவங்க, அந்தப் பக்கம் இறக்கினா அவங்க" என்று தாத்தா கையைக் காற்றில் அசைத்துக் காட்டினார். அந்த நேரத்தில் விரல் நடுக்கம் எனக்குத் தெரியவில்லை.

1988 மார்ச்சில் லட்சத்தீவுக்குப் போயிருந்த இடத்தில் எம்.பி.எஸ் காலமானார். வயது 62.

"உனக்கெல்லாம் இப்ப ஒழுங்கா சம்பளம் வருதாம்மா?" என்று சட்டென்று கேட்டார் தாத்தா.

இந்த வேலைக்கு முன், ஒரு சேனலுக்கு மூன்று மாதம் வீடியோ ஸ்கிரிப்ட் எழுதினேன். 18,000 ரூபாய் பாக்கி. ஒரு வருஷமாகிறது. 'கேட்டால் தப்பாக நினைப்பார்களோ' என்று நானும் கேட்கவே இல்லை. தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"உனக்கு மட்டும்தான் பாக்கியா?"

"இல்ல தாத்தா... இன்னும் ரெண்டு பேருக்கு."

"அப்ப ஏன் தனித்தனியா உட்கார்ந்து யோசிக்கிறீங்க?"

அன்று ராத்திரியே அந்த இரண்டு பேருக்கும் போன் பண்ணினேன். மறுநாள் மூன்று பேரும் சேர்ந்து, தேதியும் தொகையும் குறிப்பிட்டு ஒரே மெயில் அனுப்பினோம். முதலில் விட்டுப்போன சம்பள விஷயத்துக்கும் ஒரு கார்டு செய்து சேர்த்துவிட்டேன்.

மெயிலுக்குப் பதில் இன்னும் வரவில்லை. ஆனால், தினமும் ராத்திரி ஒன்பது மணிக்குக் கேட்டைத் திறக்கும்போதே கேள்வி வந்துவிடுகிறது.

"பேமென்ட் வந்துச்சாம்மா?"