மூன்றரை மீட்டர் அலை

காலை அங்கத்தில் வானிலை அறிக்கை வாசிப்பது நாற்பது விநாடி வேலை. கோலாலம்பூர், சிலாங்கூர், பினாங்கு என்று நமக்குத் தெரிந்த ஊர்களில் மழையா வெயிலா என்று சொல்லிவிட்டால் முடிந்தது. நவம்பர் முதல் மார்ச் வரை மட்டும் கூடுதலாக ஒரு வரி வரும். பலத்த காற்று, கொந்தளிக்கும் கடல் எச்சரிக்கை: தியோமான், பூங்குரான், கொண்டோர், ரீஃப் நோர்த், லாயாங்-லாயாங், பலாவான். மலேசிய வானிலை ஆய்வுத் துறை தன் அறிக்கைகளில் கடலைப் பிரித்துச் சொல்லும் வட்டாரப் பெயர்கள் இவை. அந்த வரி வரும்போது பெரும்பாலான நேயர்கள் அடுத்த பாட்டுக்காகக் காத்திருப்பார்கள். குற்றம் சொல்ல முடியாது. செந்தூலில் இருப்பவருக்குக் கொண்டோர் எங்கே இருந்தால் என்ன?

எங்கள் சின்னம்மா வீட்டில் அந்த வரிக்குத்தான் வானொலிச் சத்தத்தைக் கூட்டுவார்கள். சின்னம்மா மகன் திரெங்கானு கடலில் எண்ணெய் மேடைகளில் வெல்டிங் இணைப்புகளைச் சோதிக்கும் வேலை பார்க்கிறான். 28 நாள் கடல், 14 நாள் கரை. சித்தப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மழை பெய்தால் ரயில் தாமதமாகும், ஆனால் ஓடும் என்பது அவர் கணக்கு. மகனுடைய வேலையில் மழையே இல்லாத நாளில்கூட எல்லாம் நின்றுபோவது அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

சென்ற தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பே அவன் வீடு வந்திருக்க வேண்டும். "வெதர் ஸ்டாண்ட்பைக்கா" என்று ஒரு வரியில் எனக்குச் செய்தி அனுப்பினான். சின்னம்மா வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார். "இங்க வெயில் கொளுத்துது. என்ன வெதரு?" முறுக்கு மாவு பிசைந்த கையோடு கேட்ட கேள்வி என்றாலும், அதில் நியாயம் இருக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைத் தாண்டி வந்து கிழக்குக் கரையில் மோதுகிறது. அதன் பெரும்பகுதியைத் தித்திவங்சா மலைத்தொடர் தடுத்துவிடுகிறது. கோத்தா பாருவிலும் குவாலா திரெங்கானுவிலும் வெள்ளம் வரும் வாரத்தில் நமக்கு மாலையில் ஒரு மழை பெய்துவிட்டுப் போகும். கிள்ளான் பள்ளத்தாக்கில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கடலின் குணம் தெரியாமல் போவதற்கு அந்த மலைதான் காரணம்.

அவன் வந்த பிறகு இதைப் பற்றி நிறையப் பேசினோம். ஊடகத் துறையில் பட்டம் வாங்கிய எனக்கு வானொலி அலையைத் தவிர வேறு அலை தெரியாது. முதலில் அந்த எச்சரிக்கையையே எடுத்துக்கொண்டோம். முதல் நிலை என்றால் மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் காற்று, 3.5 மீட்டர் வரை அலை. இரண்டாம் நிலை 50 முதல் 60 கிலோமீட்டர், 4.5 மீட்டர் வரை. அதற்கு மேல் போனால் மூன்றாம் நிலை. இதை நான் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். கடல் அறிக்கைகளில் அலையின் உயரம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஒரு சராசரி என்பதை அவன்தான் சொன்னான். நூறு அலைகள் வந்தால், அவற்றில் உயரமான முப்பத்து மூன்று அலைகளின் சராசரி அது. தனியாக ஓர் அலை அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு எழும்பலாம். ஆக 3.5 மீட்டர் என்று வாசிக்கும் நாளில், நடுவே ஆறு மீட்டரைத் தாண்டும் ஓர் அலையும் வரக்கூடும். இரட்டை மாடி வீட்டின் உயரம்.

ஆனால் வேலை நிற்பதற்கு அவ்வளவு தேவையில்லை. படகிலிருந்து மேடைக்கு ஆள் தாவி ஏறுவதற்கும், கிரேன் சரக்கைத் தூக்குவதற்கும் அலை ஒன்றரை மீட்டர் வாக்கில் இருக்கும்போதே யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஹெலிகாப்டருக்கு மேகமும் காற்றும் மட்டுமல்ல, கீழே உள்ள கடலும் கணக்கு. அவசரமாகக் கடலில் இறங்க நேர்ந்தால் மிதக்க முடியுமா, மீட்புப் படகு நெருங்க முடியுமா என்று பார்த்துத்தான் அனுமதிப்பார்கள். அதனால் மேடை நிறுவுவது, குழாய் பதிப்பது போன்ற பெரிய வேலைகளை ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் இடையில் முடிக்கப் பார்ப்பார்கள். நாம் ஆடி மாதத்தில் கல்யாணம் வைக்காத மாதிரி.

மேடைக்கு அந்தச் சலுகை கிடையாது. அது அங்கேயே நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ள வேண்டும். திரெங்கானு எண்ணெய்க் களங்களில் கடல் ஏறக்குறைய 60, 70 மீட்டர் ஆழம். அங்கே இரும்புக் குழாய்களைப் பின்னிய உயரமான சட்டம் ஒன்றைக் கடல் தரையில் நிறுத்தி, ஆணியறைவதுபோல் தூண்களை மண்ணுக்குள் அடித்து இறக்குகிறார்கள். அந்தச் சட்டத்துக்குப் பெயர் ஜாக்கெட். (சின்னம்மாவுக்கு இந்தப் பெயர் மட்டும் ரொம்பப் பிடித்துப்போனது, தீபாவளிக்கு அவர் தைத்ததும் ஜாக்கெட்தானே.) சுவராகக் கட்டினால் அலை முழுப் பலத்தோடு மோதும், பின்னலாக இருந்தால் ஊடே புகுந்து போய்விடும். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது இழுக்கும் விசை நான்கு மடங்காகிறது. கால்களில் சிப்பியும் பாசியும் ஒட்டிப் பருமன் கூடினாலும் இழுப்பு கூடும். ஆகவே அதையும் சுரண்டி எடுக்க வேண்டும். ஆட்கள் இருக்கும் தளத்தை, மிகப் பெரிய அலையின் உச்சியும் தொடாத உயரத்தில் வைக்கிறார்கள்.

மிகப் பெரிய அலை என்றால் எவ்வளவு பெரியது? பொறியாளர்கள் 'நூறாண்டு அலை' என்கிறார்கள். நூறு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்று இதற்குப் பொருள் இல்லை. எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு. ஒரு மேடை 25 ஆண்டு நின்றால், அந்தக் காலத்துக்குள் ஒருமுறையாவது அது வருவதற்கு 22 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. இதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது. அவன் சாதாரணமாகச் சொன்னான்: "வராதுன்னு நெனச்சிக் கட்டலக்கா. வரும்னு நெனச்சித்தான் கட்டுறாங்க."

ஆழம் ஆயிரம் மீட்டரைத் தாண்டினால் ஜாக்கெட் உதவாது. சபா கடலில் 2007-இல் உற்பத்தியைத் தொடங்கிய கிக்கே களத்தில் ஆழம் சுமார் 1,300 மீட்டர். அங்கே இருப்பது, அடியில் கனமேற்றிச் செங்குத்தாக மிதக்கவிட்ட ஒரு நீண்ட உருளை. மெக்சிகோ வளைகுடாவுக்கு வெளியே இந்த வகை மேடை நிறுவப்பட்டது அதுதான் முதல் முறை. அதன் உடலைக் கட்டியது நம் ஜொகூர் பாசிர் கூடாங்கில். ஒரு வாளித் தண்ணீரில் தட்டை மிதக்கவிட்டு ஆட்டிப் பாருங்கள், கூடவே ஆடும். அடியில் மணல் போட்ட பாட்டிலை நிறுத்திப் பாருங்கள், அவ்வளவாக அசையாது. அலையின் ஆட்டம் மேற்பரப்பில்தான் அதிகம், கீழே போகப் போகக் குறைந்துவிடும். அந்த அமைதியான தண்ணீருக்குள் உடலின் பெரும்பகுதியை இறக்கிவிடுவதுதான் உபாயம்.

கீழே எப்போதும் அமைதி என்றும் சொல்லிவிட முடியாது. 1970-களின் நடுவில், நமக்குப் பக்கத்து அந்தமான் கடலில், எக்ஸான் நிறுவனம் ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் துளையிட்டுக்கொண்டிருந்தது. அங்கே திடீர் திடீரென்று பலமான நீரோட்டம் வந்து கப்பலைத் தள்ளியது. ஒஸ்போர்ன், பர்ச் என்ற இருவர் அதை ஆராய்ந்து 1980-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். மேலே இலகுவான சூடான நீர், கீழே கனமான குளிர்ந்த நீர். ஓதம் கடலடி மேடுகளைத் தாண்டும்போது இந்த இரண்டும் சந்திக்கும் எல்லை எழும்பி, பல பத்து மீட்டர் உயரமுள்ள அலையாக உள்ளுக்குள்ளேயே பயணம் செய்கிறது. வெளியே தெரிவது சலசலக்கும் ஒரு நீர்ப்பட்டை மட்டும். இத்தகைய உள்ளலைகள் தென்சீனக் கடலிலும் உண்டு.

நம் பக்கத்தில் புயல் வராது என்ற எண்ணத்தையும் கடல் இரண்டு முறை சோதித்துவிட்டது. 1989 நவம்பர் 3 அன்று, தாய்லாந்து வளைகுடாவில் 'சீக்ரெஸ்ட்' என்ற துரப்பணக் கப்பலைக் கே சூறாவளி கவிழ்த்தது. கப்பலில் இருந்த 97 பேரில் உயிர் பிழைத்தவர்கள் ஆறு பேர். அதே சூறாவளி நிலத்தைக் கடந்து வங்கக் கடலில் இறங்கி, ஆந்திரக் கரை வரை போய்த் தாக்கியது. 2001 டிசம்பர் 27 அன்று, நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரை பாகையில் வாமெய் புயல் உருவாகி ஜொகூரில் கரையேறியது. அவ்வளவு கிட்டத்தில் புயல் உருவாகாது என்றுதான் அதுவரை பாடம்.

இவ்வளவு கணக்கும் இரும்பைக் காப்பாற்ற. ஆளைக் காப்பாற்றுவதற்கு வேறு ஒன்று வேண்டும். எச்சரிக்கையைக் கேட்டு "போதும், திரும்புங்கள்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். 2005-இல் கத்ரினா, ரீட்டா என்ற இரண்டு சூறாவளிகள் மெக்சிகோ வளைகுடாவில் நூற்றுக்கும் மேற்பட்ட மேடைகளை அழித்தன. அவற்றில் வேலை செய்தவர்களை அதற்கு முன்பே கரை சேர்த்திருந்தார்கள்.

2021 மே மாதம் மும்பைக்கு அப்பால் நடந்தது வேறு. தவ்தே புயல் வருகிறது என்று இந்திய வானிலை ஆய்வு மையம் சில நாள்களுக்கு முன்பே சொல்லியிருந்தது. பல கலங்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட்டன. ஓ.என்.ஜி.சி.யின் களத்தில் தொழிலாளர்கள் தங்கியிருந்த பி-305 என்ற மிதவைக் கப்பல் துறைமுகத்துக்குப் போகவில்லை, மேடைக்கு அருகிலேயே நங்கூரமிட்டிருந்தது. நங்கூரங்கள் அறுந்து, அடித்துச் செல்லப்பட்டு, மே 17 மாலை மூழ்கியது. அதில் இருந்தவர்கள் 261 பேர். எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் நாட்டிலும், 2020 அக்டோபர் 27 அன்று, மிரிக்கு அப்பால் பாராம் களத்தில் 'டாயாங் தோப்பாஸ்' என்ற பராமரிப்புக் கப்பலின் நங்கூர வடம் மோசமான வானிலையில் அறுந்தது. கப்பல் மேடையில் மோதியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கடலில் குதித்தார்கள். உயிரிழப்பும் நேர்ந்தது.

ஏன் திரும்ப மனம் வருவதில்லை? ஒரு கப்பல் வேலையை விட்டுக் கரைக்குப் போய் மீண்டும் வருவதற்குள் சில நாள்கள் போய்விடும். அந்த நாள்களுக்கும் வாடகை ஓடும். அதை யார் கொடுப்பது என்பது ஒப்பந்தத்தில் ஒரு வரி. வேலை நடக்காத நாளுக்குப் பணம் உண்டென்று எழுதியிருந்தால் கப்பல்காரர் தயங்காமல் திரும்புவார். இல்லையென்றால் "காற்று குறையும், பார்க்கலாம்" என்று இன்னொரு நாள் நிற்கத் தோன்றும். கீழ்மட்டத்திலும் இதே கதைதான். தம்பி முன்பு வேலை செய்த ஒரு துணை ஒப்பந்தக்காரரிடம் ஸ்டாண்ட்பை நாளுக்குப் பாதிக் கூலி. அப்போது அலையைப் பார்த்து "இன்னிக்கு வேணாம்" என்று சொல்ல யாரும் முந்திக்கொள்வதில்லை என்றான். இப்போது இருக்கும் இடத்தில் முழுச் சம்பளம். யார் வேண்டுமானாலும் வேலையை நிறுத்தச் சொல்லலாம் என்று எழுதியே கொடுத்திருக்கிறார்கள். அவனும் ஒருமுறை நிறுத்தியிருக்கிறானாம். மேற்பார்வையாளர் முகம் சுளித்தாராம், ஆனால் நிறுத்தினாராம்.

கடலுக்குப் போகும் பிள்ளைகள் நம் குடும்பங்களில் இப்போது கொஞ்சம் கூடுதலாகவே தெரிகிறார்கள். சம்பளம் எவ்வளவு, எத்தனை நாள் லீவு என்று கேட்கிறோம். ஸ்டாண்ட்பை நாளுக்கு என்ன எழுதியிருக்கிறது என்றும் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்டுப் பாருங்கள்.

தைப்பூசத்துக்கும் அவன் கடலில்தான் இருப்பான். பட்டியல் வந்துவிட்டது. அவனுக்காக நேர்ந்துகொண்ட பால்குடத்தைத் தானே எடுப்பதாகச் சித்தப்பா சொல்லியிருக்கிறார். முழங்கால் வலியோடு பத்துமலையின் 272 படிகளை எப்படி ஏறுவார் என்பதுதான் இப்போது சின்னம்மாவின் கவலை.