முப்பத்தாறு கம்பிச் சக்கரம்

பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டமொன்றில், லயத்து வீட்டில் வளர்ந்த எங்கள் இருவருக்கும் 1990ஆம் ஆண்டில் ஒரு பி.எம்.எக்ஸ். மிதிவண்டி வாய்த்தது. கிராணியாரின் மகன் ஓட்டிச் சலித்த வண்டி. அப்பா அதைத் தவணை பேசி வாங்கிவந்தார். எங்களில் மூத்தவருக்கு அப்போது 14 வயது. பின்னாளில் தமிழ் படித்துக் கல்லூரி ஆசிரியராகி, இப்போது இதை எழுதிக்கொண்டிருக்கும் இளையவருக்கு 10 வயது.

1970களில் தெற்குக் கலிபோர்னியாவின் சிறுவர்கள் மோட்டார் சைக்கிள் பந்தய வீரர்களைப் பார்த்துத் தங்கள் சின்ன மிதிவண்டிகளை மண்மேடுகளில் ஏற்றிக் குதித்ததிலிருந்து பிறந்த விளையாட்டு இது. 1982இல் வெளிவந்த 'ஈ.டி.' படத்தில் நிலவை நோக்கிப் பறந்ததும் இவ்வகை வண்டிதான். ஜப்பானின் குவாஹாரா நிறுவனம் செய்தது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் போட்டியாகவும் இடம்பெற்றது. தோட்டத்துச் செம்மண் சாலையில் நாங்கள் இவை எதையும் அறிந்திருக்கவில்லை. வண்டி மஞ்சளாயிருந்தது, சக்கரங்கள் கறுப்பாயிருந்தன, அது போதுமானதாக இருந்தது.

அந்தச் சக்கரங்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவை கம்பி கோத்தவை அல்ல. ஐந்து கைகளும் விளிம்பும் ஒரே வார்ப்பில் அமைந்த பிளாஸ்டிக் சக்கரங்கள். கலிபோர்னியாவின் ரெடிங் நகரத்து ஸ்கைவே நிறுவனம் கண்ணாடி இழை கலந்த நைலானில் வார்த்த 'டஃப் வீல்' இவற்றுக்கு முன்னோடி. எங்களுடையது அதைப் பார்த்து யாரோ செய்த, பெயரில்லாத போலி. 1991 பள்ளி விடுமுறையில், மூத்தவர் மிதிக்க, இளையவர் கைப்பிடியின்மேல் அமர்ந்திருக்க, பால் ஸ்டோருக்கு இறங்கும் சரிவில் முன்சக்கரத்தின் கையொன்று குடத்தோடு சேருமிடத்தில் முறிந்தது. முன்னறிவிப்பாக ஒரு கிறீச்சொலிகூட இல்லை. இளையவரின் இடது மணிக்கட்டு இரண்டு இடங்களில் உடைந்தது. அப்பா யாரையும் ஏசவில்லை. வண்டியை எடுத்துப்போய் அடுப்படிக்குப் பின்னால் உத்திரத்தில் மாட்டிவைத்தார். மூத்தவர் அன்றிலிருந்து அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

தோட்டம் போனது, வீடுகள் மாறின. வண்டியை மட்டும் அப்பா ஒவ்வொரு வீட்டுக்கும் தூக்கி வந்திருந்தார். 2022இல் அவர் மறைந்த பிறகு கொட்டகையிலிருந்து அதை இறக்கினோம். துருவைச் சுரண்டியது, சட்டத்தைப் பற்றவைத்துச் சாயம் பூசியது, பெடல்களைத் தேடி அலைந்தது எல்லாம் பிறர் எழுதியவைதான். எங்களுக்கும் அவ்வாறே நடந்தது. ஏழு மாதங்களில் சட்டம் மஞ்சளாகிவிட்டது. சக்கரத்தில்தான் எங்களுக்குள் பிணக்கு வந்தது.

இளையவருக்கு ஐந்து கைச் சக்கரமே வேண்டும். சுவடி படித்தவருக்கு மூலபாடத்தின் மீது இருக்கும் பிடிவாதம் என்று கொள்க. ஸ்கைவே சக்கரங்கள் புதிதாகவே கிடைக்கின்றன, அவை எங்கள் போலியைப் போன்றவை அல்ல என்பதும் அவருடைய வாதம். அது நியாயமான வாதம்தான். மூத்தவர் மறுத்தார். "காட்சிக்கு வைக்கிறதா இருந்தா மாட்டு தம்பி. இதை என் மக ஓட்டப் போறா. நானும் ஓட்டுவேன், எண்பத்தாறு கிலோ." அதற்குமேல் அவர் பேசவில்லை, பேசாமல் விட்டது எது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

நாங்கள் இறுதியில் ஒப்புக்கொண்ட காரணம் அப்பாவிடமிருந்து வந்தது. பால் வாளிகளைச் சுமந்த அவருடைய 28 அங்குல மிதிவண்டியில், அக்கால ஆங்கிலேய முறைப்படி முன்சக்கரத்தில் 32 கம்பிகளும் பின்சக்கரத்தில் 40 கம்பிகளும் இருந்தன. ஞாயிறுதோறும் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி ஒவ்வொரு கம்பியையும் நகத்தால் சுண்டிக் கேட்பார். மந்தமாக ஒலித்தால் தளர்ந்தது என்று பொருள். கம்பிச் சக்கரம் தன் நோயைச் சொல்லும். ஒன்று அறுந்தால் சக்கரம் ஆடும், பிரேக்கில் உரசும், வீடு திரும்ப மற்றவை தாங்கும். ஐந்தில் ஒன்று முறிந்தால் என்ன ஆகும் என்பதை இளையவரின் மணிக்கட்டு மழை நாள்களில் இன்றும் சொல்கிறது. பழைய நைலான் வெயிலில் எவ்வளவு நொறுங்கியிருக்கிறது என்று சுண்டிப் பார்த்து அறிய முடியாது. கோட்டம் விழுந்தால் சாவியால் திருத்தவும் வழியில்லை.

பழந்தமிழில் தேர்ச்சக்கரத்தின் நடுவுக்குக் குறடு, கம்பிக்கு ஆர், விளிம்புக்குச் சூட்டு என்று தனித்தனிச் சொற்கள் உண்டு. இவற்றைக் கடையில் சொல்லி எதுவும் வாங்க முடியாது என்பதை ஈப்போவில் முதல் நாளே உணர்ந்தோம். அதைவிடப் பெரிய அறியாமை அளவில் இருந்தது. '20 அங்குலம்' என்று கேட்டு வாங்கிவந்த ரிம்மில் எங்கள் டயர் ஏறவேயில்லை. 20 x 1.75 எனப் புள்ளியிட்டு எழுதுவதற்கு ரிம்மின் விட்டம் 406 மில்லிமீட்டர். 20 x 1 3/8 எனப் பின்னமாக எழுதுவதற்கு 451. இரண்டுக்கும் பெயர் 20 அங்குலம்தான்! ஆதலால் இவ்வழி வருவோர் அங்குலத்தை மறந்து 406 என்று கேட்பது நலம்.

குரோம் பூசிய எஃகு ரிம் அழகு. ஆனால் மழையில் பிரேக் கட்டை அதில் வழுக்கும். மாலைதோறும் மழை பெய்யும் ஊரில் அது ஆகாது. இரட்டைச் சுவர் கொண்ட அலுமினிய ரிம்மைத் தேர்ந்தோம். அதன் குறுக்குவெட்டு பெட்டிபோல் மூடியிருப்பதால் குதித்து இறங்கும் அடியில் எளிதில் நெளியாது. 48 கம்பிகள் இன்னும் உறுதியல்லவா என்றார் மூத்தவர். எடை கூடும், உடைந்தால் மாற்று ரிம் தேடி அலைய வேண்டும் என்று கடைக்காரத் தவுக்கே சொல்ல, 36இல் நின்றோம். இன்றைய பி.எம்.எக்ஸ். பின் ஹப்புகளின் அச்சு 14 மில்லிமீட்டர். எங்கள் சட்டத்தின் பிளவில் 3/8 அங்குல அச்சுதான் நுழையும். அரத்தால் அராவிப் பெரிதாக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். நாற்பதாண்டு இரும்பை அராவ இருவருக்கும் மனம் வரவில்லை. 3/8 அச்சும், அடைப்புள்ள பேரிங்கும், பழைய மரையுள்ள ஃப்ரீவீல் ஏறும் அமைப்பும் கொண்ட ஹப் கிடைக்க இரண்டு மாதம் ஆயிற்று.

கோத்தவர் தவுக்கேதான். 2 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட துருவேறாக் கம்பிகள். ஒவ்வொன்றும் தன் பக்கத்துக் கம்பிகள் மூன்றைக் கடந்து செல்லும் பின்னல். கோட்டம் எடுத்து முடித்தபின் இணையான கம்பிகளை இரண்டிரண்டாகக் கைகளில் பற்றி இறுக்கிப் பிசைந்தார். டிக் டிக் என்று முறுக்கு விடும் ஒலி எழுந்தது. மறுபடி கோட்டம் எடுத்தார். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள், எல்லாம் தளர்ந்திருக்கும், திரும்பச் சரி செய்கிறேன் என்றார். கம்பி அறுவது சுமையால் அல்ல, ஏறத்தாழ எப்போதும் சீரற்ற இறுக்கத்தால் என்பது அவர் கட்சி. வளைந்த கழுத்தில் இறுக்கமும் தளர்வும் மாறி மாறி வந்து இரும்பு களைத்துப்போகுமாம்.

பழைய தோட்டத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. சரிவு அப்படியே இருக்கிறது. சென்ற மாதம் வண்டியைக் காரில் ஏற்றிச் சென்றோம். மூத்தவர் முதலில் இறங்கினார், தனியாக. கீழே நின்று வெகுநேரம் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏறி வந்து, "நீ ஓட்டு தம்பி" என்று வண்டியை நீட்டினார்.

"அண்ணே, கை..."

"வலிச்சா நிறுத்திடு. நான் பக்கத்துல ஓடி வரேன்."

ஓடியும் வந்தார், ஐம்பதை எட்டும் வயதில், மூச்சிரைக்க, பாதித் தூரம் வரை. அன்று மாலை வீட்டு வாசலில் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, அவருடைய மகளுக்குச் சுண்டிக் காட்டினோம். பின்சக்கரத்தில் இரண்டு கம்பிகள் மந்தமாக ஒலித்தன. எவை என்பதை எங்களுக்கு முன் அவள் கண்டுபிடித்தாள்.