சேட்படை

களவியல் வகுப்பு. தலைவனும் தலைவியும் எதிர்ப்படுவதற்கு ஊழே காரணம் என்று தொல்காப்பியம் சொல்வதை விளக்கிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் ஒரு மாணவி மடியில் கைபேசியை வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். வகுப்பு முடிந்ததும் என்ன கதை என்று கேட்டேன். திட்டப்போகிறேன் என்று பயந்து தயங்கினாள். பிறகு, "ஓநாய் மனுசன் காதல் கதை மேம். வாசனையை வச்சே இவதான் தன் துணைன்னு அவனுக்குத் தெரிஞ்சிடும். நீங்க இப்ப நடத்துன ஊழ் மாதிரிதான்" என்றாள்.

சிரித்துவிட்டேன். வீடு வந்து சேர்வதற்குள் அந்தச் சிரிப்பு போய்விட்டது. எனக்கும் ஊழ் பார்த்துத்தான் கட்டிவைத்தார்கள். பத்துப் பொருத்தத்தில் ஒன்பது இருந்தது. ஏழு வருடம் கழித்து ஒரு பெட்டியோடு வெளியே வந்தேன். அதற்குப் பின் வெகுகாலம், இரவில் கேட்டின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் விழித்துக்கொள்வேன். பக்கத்து வீட்டுக்காரர்தான் என்று மூளைக்குத் தெரியும். உடம்புக்குத் தெரியாது.

அந்த வகைக் கதைகளைத் தேடி வாசிக்க ஆரம்பித்தேன். நான் வாசித்தவற்றில் பல ஒரே அச்சில் வார்த்தவை. கூட்டத்தின் தலைவன் 'ஆல்பா'. முரடன், 'நீ என்னுடையவள்' என்று உறுமுகிறவன். விதி முடிச்சுப் போட்டுவிட்டதால் அவளிடம் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. முதல் காதலில் அடிபட்ட பெண் மறுபடி நம்புவதும் அதே விதியால்தான்.

இந்த ஆல்பாவின் பிறப்பே கூண்டில்தான். அடைத்துவைக்கப்பட்ட ஓநாய்களைக் கவனித்து ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் எழுதினார். டேவிட் மெக் 1970இல் வெளியிட்ட நூல் அந்தக் கருத்தைப் பரப்பியது. காட்டு ஓநாய்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த பிறகு அதே மெக் 1999இல் மாற்றி எழுதினார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பொதுவாக ஒரு குடும்பம், தாய், தகப்பன், குட்டிகள். அங்கே சண்டைபோட்டுத் தலைமையைப் பிடிக்கிற வேலை இல்லை. கூண்டுக்குள் நடந்ததை இயற்கை என்று நம்பியிருக்கிறார்கள். 'ஆம்பளைன்னா அப்படித்தான் இருப்பான்' என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

தேடியதில் ஒரு நாவல் என்னைப் பிடித்து நிறுத்தியது. பாட்ரீசியா பிரிக்ஸ் எழுதிய 'க்ரை வுல்ஃப்', 2008இல் வந்தது. அதன் தொடக்கம் 2007இல் வந்த 'ஆல்பா அண்ட் ஒமேகா' என்ற குறுநாவலில் இருக்கிறது. அன்னா சிகாகோவில் ஓர் உணவகத்தில் பரிமாறும் வேலை செய்கிறவள். விருப்பமில்லாமல் ஓநாயாக மாற்றப்பட்டவள். மூன்று வருடம் அந்தக் கூட்டத்து ஆண்களிடம் வதைபட்டவள். விசாரிப்பதற்காக மொன்டானாவிலிருந்து சார்லஸ் வருகிறான். வரிசையில் கடைசி ஆள் தான்தான் என்று அவளை நம்பவைத்திருந்தார்கள். அவள் கடைசி அல்ல, ஒமேகா, அந்த வரிசைக்கே வெளியே இருப்பவள் என்பது அவன் மூலம்தான் அவளுக்குத் தெரிகிறது.

இதிலும் ஊழ் உண்டு. அவனுக்குள் இருக்கும் ஓநாய் அவளைக் கண்டதும் தேர்ந்துகொள்கிறது. அவளுக்குள் இருக்கும் ஓநாயும் இணங்கிவிடுகிறது. ஆனால் அன்னா என்கிற பெண் பயந்துகொண்டேதான் இருக்கிறாள். பிரிக்ஸ் அந்தப் பயத்தைப் பிடிவாதமாகவோ நோயாகவோ எழுதவில்லை. மூன்று வருடம் அடிபட்டுக் கற்ற பாடமாக எழுதுகிறார். 'நான் அவனைப் போல இல்லை' என்று ஒருவன் சொல்வதால் அந்தப் பாடம் அழிந்துவிடாது. பலமுள்ளவன் தன் பலத்தை எடுக்காமல் இருப்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும்.

நாவலோடு எனக்குச் சண்டையும் உண்டு. ஒரு கூட்டத்திலிருந்து தப்பிக்க இன்னொரு கூட்டம், ஓர் ஆணிடமிருந்து மீள அவனைவிடப் பலமான இன்னோர் ஆண். அன்னாவின் பக்கம் நின்று அவனைக் கேள்வி கேட்க ஒரு தோழியும் இல்லை.

நம் அகமரபில் அந்தத் தோழி இருக்கிறாள். ஊழ் சேர்த்துவைத்தாலும் அவள் உடனே வழிவிடுவதில்லை. தழையாடையோடு வந்து நிற்பவனைத் திருப்பி அனுப்புவாள். சாக்குச் சொல்வாள். நாள் கடத்துவாள். இதற்குச் சேட்படை என்று பெயர், தூரத்தில் நிறுத்துவது. பல வருடம் அதை விளையாட்டான ஒரு துறையாகத்தான் நடத்திவந்தேன். தேர்வுக்கு ஐந்து மதிப்பெண். இப்போது வேறு மாதிரி வாசிக்கிறேன். சந்திக்கவைப்பது ஊழின் வேலையாக இருந்துவிட்டுப் போகட்டும். நம்புவது ஊழின் வேலை அல்ல. அதற்கு நாள் வேண்டும், அந்த நாட்களைக் கேட்டு வாங்க ஒரு பெண்ணுக்கு உரிமை வேண்டும். தோழி இல்லாதவள் தனக்குத் தானே தோழியாக நின்று வாங்க வேண்டியிருக்கிறது.

மறுவாரம் அந்த மாணவியைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். "ரொம்ப நாள் நிக்க வச்சா அவன் போயிட்டா மேம்?" என்று கேட்டாள். "போகட்டும். போறவன்தான்னு அப்பவே தெரிஞ்சிடும்ல" என்றேன். சொல்வது எளிது.

இரண்டு வருடமாக ஒருவர் என் வீட்டுக்கு வந்துபோகிறார். வருவதற்கு முன் போன் செய்வார். இன்று வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பதில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த நான் நாற்காலியிலேயே தூங்கிப்போனேன். விழித்தபோது அவர் இல்லை. வெளியே போய்ப் பார்த்தேன். கேட் சாத்தித் தாழ்ப்பாள் போட்டிருந்தது. சத்தம் கேட்கவில்லை. அந்தத் தாழ்ப்பாளைப் பற்றி அவரிடம் ஒரே ஒருமுறைதான் சொல்லியிருக்கிறேன்.

அவர் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.