கட்சி மாறிய கேப்ஸ் லாக்

தில்லி மயூர் விஹாரில் மூன்றாவது மாடி வீடு. காலை ஏழு மணிக்கே அவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிடுவார். வயது 61. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுச்சீட்டு முதல் இன்சூரன்ஸ் படிவம் வரை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவது தொழில். வார்த்தைக்கு இவ்வளவு என்று கூலி. விரல் நின்றால் வருமானம் நின்றுவிடும். ஒரு மழைக்காலத்தில் நின்றது. இடதுகைச் சுண்டுவிரல்.

"எழுதறதால வலிக்கலை டாக்டர், சேவ் பண்றதாலதான் வலிக்குது" என்று அவர் சொன்னபோது எலும்பு மருத்துவர் சிரித்துவிட்டார். ஆனால் அவர் சொன்னது உண்மை. திருநெல்வேலியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் ஹையர் பாஸ் செய்த கை அது. பிறகு, 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 முறைக்கு மாறினார். இடதுகைப் பக்கம் உயிரெழுத்து, வலதுகைப் பக்கம் மெய். விரல்கள் அதிகம் அலைய வேண்டியதில்லை. அலைச்சலெல்லாம் கண்ட்ரோல் விசையால் வந்தது. சேமிக்க, நகலெடுக்க, ஒட்ட, செய்ததை ரத்து செய்ய என்று எல்லாவற்றுக்கும் அது வேண்டும். கீபோர்டின் இடது கீழ் மூலையில், கையிலேயே பலம் குறைந்த விரல் மடங்கிப் போய்த் தொட வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்திருக்கிறது.

இதோடு இன்னொரு தொல்லை. தமிழ்99இல் எஸ் விசையில் இருப்பது 'இ'. எக்ஸ் விசையில் 'ஓ'. தமிழ் எழுதிக்கொண்டிருக்கும்போது கண்ட்ரோலோடு எஸ்ஸை அழுத்தினால், அழுத்தியது எந்த விசை என்று பார்ப்பதா, எந்த எழுத்து என்று பார்ப்பதா? விண்டோஸிலும் ஆப்பிளிலும் பெரும்பாலும் இந்தச் சிக்கல் வராது. அவரிடம் இருப்பதோ பழைய கம்ப்யூட்டர். பெங்களூரில் இருக்கும் அக்கா மகன் அதில் லினக்ஸ் போட்டு, ஈமாக்ஸில் எழுதப் பழக்கிவிட்டிருந்தான். ஈமாக்ஸ் எழுத்தைப் பார்க்கும் ஜாதி. 'கண்ட்ரோல்-இ' என்றொரு கட்டளை இல்லை என்று கையை விரித்துவிடும். எனவே ஒவ்வொரு முறையும் ஆங்கிலத்துக்கு மாறி, கண்ட்ரோலோடு எக்ஸ், பிறகு கண்ட்ரோலோடு எஸ், மறுபடி தமிழுக்கு. மாற மறந்தால் அரை வரி ஆங்கிலக் குப்பை. அதை அழிக்க மறுபடி கண்ட்ரோல்.

அக்கா மகன் போனில் கேட்டான்: "மாமா, கேப்ஸ் லாக்கை எதுக்கு வெச்சிருக்கீங்க?"

"அது பாட்டுக்கு இருக்கு மருமகனே. அதை யாரு தொட்டா?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே கிடையாது. சுண்டுவிரல் நகராமலே எட்டும் இடத்தில் அகலமான ஒரு விசை, இத்தனை வருஷமாக அவருக்கு வேலை எதுவும் செய்யாமல் கிடக்கிறது.

அந்த இடம் கேப்ஸ் லாக்கின் பூர்வீகச் சொத்தும் அல்ல. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் ஏ விசைக்குப் பக்கத்தில் இருந்தது கண்ட்ரோல்தான். 1980களின் நடுவில் வந்த 101 விசை கீபோர்டு அதை மூலைக்குத் தள்ளியது. உலகம் அதையே நகலெடுத்தது. பழைய யூனிக்ஸ் ஆசாமிகள் முணுமுணுத்தார்கள். ஜப்பானில் 1996இல் வெளியான ஹேப்பி ஹேக்கிங் கீபோர்டு கண்ட்ரோலைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தது. புது கீபோர்டு வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. லினக்ஸில் ஒரே ஒரு அமைப்பை மாற்றினால் கேப்ஸ் லாக், கண்ட்ரோலாகிவிடும். ஆப்பிளில் அமைப்புப் பக்கத்திலேயே அந்த வசதி உண்டு. விண்டோஸுக்கு மைக்ரோசாப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் போதும். அவருக்கு ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது.

'கண்ட்ரோல்-இ' விவகாரம் அவ்வளவு லேசில் முடியவில்லை. எந்த விசைக்கு எந்த எழுத்து என்று சொல்லும் கோப்பைத் திறந்து, ஒவ்வொரு விசைக்கும் தமிழ் எழுத்து, ஷிப்டோடு வருவது ஆகியவற்றின் பக்கத்தில், கண்ட்ரோலோடு வர வேண்டிய ஆங்கில எழுத்தையும் சேர்த்தார். மருமகன் போனில் சொல்லச் சொல்ல, இரண்டு மாலைகள். சோதித்துப் பார்த்தால் சில மென்பொருள்களில் வெறும் எஸ் என்ற எழுத்து திரையில் விழுந்தது! எழுத்தை மாற்றும் வேலைக்கே கண்ட்ரோல் செலவாகிவிட்டது. கட்டளை கொடுக்க மிச்சமில்லை. பயணச்சீட்டை வாசலில் கிழித்து வாங்கிக்கொண்டு, உள்ளே போனதும் சீட்டு எங்கே என்று கேட்பது போல. 'பிரிசர்வ்' என்ற சொல்லோடு ஒரு வரி சேர்த்ததும் சரியாயிற்று. கண்ட்ரோலைப் பயன்படுத்து, ஆனால் விழுங்கிவிடாதே என்று அதற்கு அர்த்தம். அன்று இரவு, தமிழிலிருந்து மாறாமலே, ஒரு சர்க்கரை வியாதி மாத்திரையின் துண்டுச்சீட்டைச் சேமித்துவிட்டு மருமகனுக்கு மறுபடி போன் போட்டார். அவன் தூங்கியிருந்தான்.

வலி முழுசாகப் போகவில்லை. டாக்டர் சொன்ன பயிற்சியும் தொடர்கிறது. எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல அவரால் முடியாது. பழையபடி எழுத முடிகிறது, அவ்வளவுதான். வேறு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் மட்டும் தடுமாற்றம். சுண்டுவிரல் கண்ட்ரோல் என்று நினைத்து அழுத்தும், திரையில் பெரிய எழுத்துகளாகக் கொட்டும்.

வீட்டில் நிலைமை நேரெதிர். பான் கார்டு விண்ணப்பத்தில் பெயரைப் பெரிய எழுத்தில் நிரப்ப உட்கார்ந்த மனைவி, கேப்ஸ் லாக்கை அழுத்தி அழுத்திப் பார்த்தார். சின்ன எழுத்தே வந்தது. "நல்லா இருந்த கீபோர்டைக் கெடுத்து வெச்சிருக்கீங்க" என்றார்.

அவர் பக்கத்தில் வந்து நின்று, மனைவி பெயரை அடித்து முடிக்கும்வரை ஷிப்டை அழுத்திப் பிடித்துக்கொண்டார். வலதுகையால்.