பிழைத்தவர் கணக்கு

அம்பாங், மலேசியா

பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு மருத்துவமனையை எடைபோட எல்லாரும் கையில் எடுத்த அளவுகோல் ஒன்றுதான்: உள்ளே சேர்ந்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் இறந்தார்கள்? பார்ப்பதற்கு இதைவிட நேர்மையான கேள்வி இருக்க முடியாது. ஆனால் இந்த ஊரின் அனுபவத்தை வைத்துப் பார்த்தால், இதைவிட எளிதில் ஏமாற்றும் கேள்வியும் கிடையாது. 2020 பிப்ரவரி தொடங்கி மே முடிய, மலேசியாவின் 18 மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 5,889 கோவிட் நோயாளிகளைப் பற்றி, சுங்கை பூலோ மருத்துவமனையின் தொற்றுநோய் மருத்துவர்கள் பெனடிக்ட் சிம், சுரேஷ்குமார் சிதம்பரம் முதலியோர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இறந்தவர்கள் 1.2 விழுக்காடு. அதே காலத்தில் பிரிட்டனில் 20,133 உள்நோயாளிகளைப் பற்றி வந்த ஆய்வில் இறந்தவர்கள் 26 விழுக்காடு. சுங்கை பூலோ மருத்துவர்கள் லண்டன் மருத்துவர்களைவிட இருபது மடங்கு கெட்டிக்காரர்கள் என்று நான் நம்ப விரும்பினாலும் கணக்கு இடம் தரவில்லை. மலேசியா அப்போது தொற்று உறுதியான எல்லாரையும், ஒரு தும்மல்கூட இல்லாதவரையும், மருத்துவமனையில் சேர்த்தது. பிரிட்டனில் மூச்சுவிட முடியாதவர்தான் உள்ளே போனார். இங்குள்ள 5,889 பேரில் கடுமையாக நோயுற்றவர்கள் 471 பேர் மட்டுமே. இறந்தவர்கள் அனைவரும் அவர்களுக்குள் அடக்கம் என்று வைத்துக்கொண்டால் விழுக்காடு ஏறக்குறைய 15 ஆகிவிடுகிறது. பள்ளிக்கூடத்துப் பின்னக் கணக்கில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. எல்லார் கண்ணும் தொகுதிமேல் இருந்தது. விடையை மாற்றிக்கொண்டிருந்தது பகுதி.

அப்படியானால் காலப்போக்கில் இறப்பு விகிதம் குறைந்தது என்று சொன்னதெல்லாம் கண்கட்டு வித்தையா? இல்லை. பிரிட்டனில் 2020 மார்ச், ஏப்ரலில் சேர்ந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 32.3 விழுக்காடு, ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை சேர்ந்தவர்களில் 16.4 விழுக்காடு. கோடையில் வந்தவர்கள் இளையவர்கள், நோய் முற்றாமல் வந்தவர்கள், அதனால் பிழைத்தார்கள் என்று ஒரு வாதம் உண்டு. அதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்கு நியூயார்க் பல்கலைக்கழகத்தின் மூன்று மருத்துவமனைகளில் செய்த ஆய்வு பதில் சொல்கிறது. வயது, பிற நோய்கள், வந்தபோது இருந்த நிலை எல்லாவற்றையும் சமன்செய்து கணக்கிட்ட பிறகும், மார்ச்சில் 25.6 ஆக இருந்த விகிதம் ஆகஸ்டில் 7.6 ஆனது. மருத்துவம் உண்மையாகவே கற்றுக்கொண்டது. நோயாளியைக் குப்புறப் படுக்கவைப்பது, அவசரப்பட்டுக் குழாய் செருகாமல் மூக்கு வழியே அதிக ஆக்சிஜன் தந்து பார்ப்பது, இரத்தம் உறையாமல் காப்பது எல்லாம் அந்தச் சில மாதங்களில் கைவந்தன. 2020 ஜூன் 16 அன்று ஆக்ஸ்ஃபோர்டின் ‘ரெகவரி’ ஆய்வு டெக்ஸாமெத்தசோன் முடிவை அறிவித்தது. வெண்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பு 41.4இலிருந்து 29.3 விழுக்காடாகக் குறைந்தது. பல்லாண்டுகளாக எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும் மலிவான ஸ்டீராய்டு அது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் எதுவும் இல்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. வீட்டிலேயே ஸ்டீராய்டு விழுங்கத் தொடங்கியவர்கள் இந்த இரண்டாம் பாதியைப் படிக்கவில்லை.

ஆக, 2021இல் அம்பாங்கை உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கின் மருத்துவர்கள் ஓராண்டுக்கு முன் தெரியாத பலவற்றைத் தெரிந்து வைத்திருந்தார்கள். மருந்தும் மலிவு. அறிவுதான் நோயாளியின் கதியைத் தீர்மானிக்கிறது என்றால் அந்த ஆண்டு நல்ல ஆண்டாக இருந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. 2020 முடிவில் நாடு முழுவதும் தொற்று 1 லட்சத்து 13 ஆயிரம், இறப்பு 471. அதாவது ஆயிரத்துக்கு நான்கு. 2021 முடிவில் மொத்த இறப்பு 31,000ஐத் தாண்டியது. அந்த ஓராண்டுக்கு மட்டும் கணக்கிட்டால் ஆயிரத்துக்குப் பன்னிரண்டு வருகிறது. ஜூலை 13 அன்று ஒரு நாள் தொற்று முதன்முறையாக 10,000ஐக் கடந்தது. ஆகஸ்ட் 26 அன்று 24,599. கிள்ளானின் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் அவசரப் பிரிவு வாசலைத் தாண்டிக் கட்டில்கள் நின்றன. இரத்த நோய்களுக்கான தேசிய மையமாகிய எங்கள் அம்பாங் மருத்துவமனையும் கோவிட் நோயாளிகளுக்கு ஒதுக்கப்பட்டது. மே மாதம் சென்னை ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை வாசலில் வரிசையாக நின்ற ஆம்புலன்ஸ்களை நினைவு வைத்திருப்பவர்களுக்கு நான் அதிகம் விவரிக்கத் தேவையில்லை.

மாத்திரையைத் தெரிந்திருப்பதும் அதை ஒரு நோயாளிக்குச் சரியான வேளையில் கொடுப்பதும் ஒன்றல்ல. ஒருவரைக் குப்புறப் புரட்ட நான்கைந்து பேர் கை வேண்டும். ஆக்சிஜன் அளவு இறங்குவதைக் கவனிக்க ஒரு தாதி விழித்திருக்க வேண்டும், அவரிடம் நோயாளிகள் அளவோடு இருக்க வேண்டும். அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் 88ஐ ஆராய்ந்தபோது, தீவிர சிகிச்சைப் பிரிவில் கோவிட் நோயாளிகளின் எண்ணிக்கை அங்கே எட்டிய உச்சத்தின் முக்கால் பங்கைத் தாண்டிய காலத்தில், அங்கிருந்த கோவிட் நோயாளிகளின் இறப்பு அபாயம், கூட்டமில்லாத காலத்தைவிட ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது தெரிந்தது. 558 அமெரிக்க மருத்துவமனைகளை ஆராய்ந்த இன்னொரு குழு, இறந்த நால்வரில் ஏறத்தாழ ஒருவரின் சாவுக்கு மருத்துவமனை திணறியதே காரணமாக இருக்கலாம் என்று கணித்தது. வைரஸ் அதே வைரஸ், மருந்து அதே மருந்து. பக்கத்துக் கட்டில்களில் எத்தனை பேர் என்பது மட்டும் வேறு.

டெல்டாதான் காரணம், கூட்டத்தைக் குறை சொல்லாதீர்கள் என்பார்கள். டெல்டா கொடியதுதான், முந்தைய ஆல்ஃபா வகையைவிட மருத்துவமனைக்கு அனுப்பும் அபாயம் ஏறக்குறைய இரு மடங்கு என்று ஸ்காட்லாந்துத் தரவு காட்டியது. ஆனால் நெரிசல் பற்றி நான் சொன்ன இரண்டு அமெரிக்க ஆய்வுகளும் 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை, டெல்டா பிறப்பதற்கு முன்பே, நடந்தவற்றைப் பற்றியவை. நெரிசல் தனக்கென்று ஒரு கொல்லும் திறனை வைத்திருந்தது. டெல்டா அதன் கையில் கூடுதல் ஆட்களைக் கொடுத்தது. இன்னொரு ஆட்சேபம் சற்று வலுவானது: 2021 ஜனவரியிலிருந்து அறிகுறி இல்லாதவர்களையும் லேசான அறிகுறி உள்ளவர்களையும் மலேசியா வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டதே, மருத்துவமனை இறப்பு விகிதம் அதனாலேயே ஏறியிருக்குமே? ஆம், ஏறியிருக்கும். பகுதியிலிருந்து பிழைக்கப்போகிறவர்களை எடுத்துவிட்டால் விகிதம் ஏறாமல் என்ன செய்யும்? அதனால்தான் மேலே மருத்துவமனைக் கணக்கை விட்டுவிட்டு நாட்டுக் கணக்கைச் சொன்னேன்.

அந்த வீட்டுத் தனிமையில்தான் இன்னொரு பொறியும் இருந்தது. மலேசியாவில் பதிவான கோவிட் இறப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று, மருத்துவமனைக்கு இறந்த நிலையில் கொண்டுவரப்பட்டவர்களுடையது. ஆக்சிஜன் குறைந்தும் மூச்சுத்திணறல் தெரியாமல் இருந்தவர்கள், படுக்கை கிடைக்காது என்று தயங்கியவர்கள், ஆவணமில்லாததால் அஞ்சிய அயல்நாட்டுத் தொழிலாளர்கள் என்று பலரும் அதில் இருந்திருப்பார்கள். இவர்களில் ஒருவர்கூட எந்த வார்டின் இறப்பு விகிதத்திலும் ஏறமாட்டார். கடைசிக் கட்டத்தில் இருப்பவர் வாசலுக்கு வெளியே இறந்தால் உள்ளே விகிதம் அழகாகத் தெரியும். கோவிட் இல்லாத நோயாளிகளின் கதையும் இதே இருட்டில் கிடக்கிறது. அறுவைச் சிகிச்சைகள் தள்ளிப்போயின. பலர் தனியார் மருத்துவமனைகளுக்கு மாற்றப்பட்டார்கள். 2020இல் நாட்டில் எல்லாக் காரணங்களாலும் இறந்தவர்கள் ஏறத்தாழ 1 லட்சத்து 67 ஆயிரம். 2021இல் 2 லட்சத்து 24 ஆயிரத்துக்கும் மேல். கூடிய 57 ஆயிரத்தில் கோவிட் என்று பதிவானவை 31 ஆயிரம்தான். மிச்சம் முழுவதையும் தாமதமான சிகிச்சையின் தலையில் கட்டிவிட முடியாது. 2020இல் ஊரடங்கால் இறப்பு வழக்கத்தைவிடக் குறைந்திருந்ததும் அதில் சேரும். ஆனாலும் அந்த இடைவெளி கேள்வி கேட்காமல் கடந்துபோகக் கூடிய அளவில் இல்லை.

நெரிசலைத் தவிர்ப்பதற்காகச் சாதாரண நாளில் கால்வாசிக் கட்டிலைக் காலியாக வைத்திருக்க எந்த அரசிடம் பணம் இருக்கிறது என்று கணக்குப்பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி, ஆனால் தவறான பொருளைப் பற்றிய கேள்வி. கட்டிலை வாங்கலாம், செர்டாங்கின் கண்காட்சி வளாகத்தில் செய்ததுபோல் மண்டபத்தையே சிகிச்சைக்கூடமாக்கலாம். தீவிர சிகிச்சை தெரிந்த தாதியை மூன்று வாரத்தில் செய்ய முடியாது. அந்த ஆட்களை மலேசியா எப்படி நடத்தியது என்பதற்கு 2021 ஜூலை 26 சாட்சி. நெருக்கடி ஏறிக்கொண்டிருந்த அந்த வாரத்தில்தான், பணி நிரந்தரம் இல்லாத ஒப்பந்த மருத்துவர்கள் நாடெங்கும் சிறிது நேரம் வார்டுகளை விட்டு வெளியே வந்து நின்றார்கள். சிலர் அதைப் பொறுப்பின்மை என்றார்கள். ஆண்டுக்கணக்கில் எதிர்காலம் தெரியாமல் ஒருவரை வேலை வாங்குவதற்கு என்ன பெயர் என்று அவர்கள் சொல்லவில்லை.

மலேசியச் சுகாதார அமைச்சு 2021 ஜூலையிலிருந்து தரவுகளைப் பொதுவில் வைக்கத் தொடங்கியது. அதில் இறந்த நிலையில் கொண்டுவரப்பட்டவர்களுக்கென்று தனிப் பத்தி உண்டு. தமிழ்நாட்டு அரசின் அன்றாட அறிக்கை, இறந்தவர் எந்த நாளில் சேர்ந்தார், எந்த நாளில் இறந்தார் என்று ஆளாளாகச் சொல்லியது. ஒருவர் வாசலுக்கு வராமலே இறந்தாரா என்பது மலேசியத் தரவில் தெரியும். வந்தவர் எத்தனை நாள் போராடினார் என்பது தமிழ்நாட்டு அறிக்கையில் தெரியும். இரண்டோடு, அந்த நாளில் அந்த வார்டில் ஒரு தாதிக்கு எத்தனை நோயாளிகள் என்ற மூன்றாவது எண்ணையும் சேர்த்து வெளியிடுங்கள் என்று அடுத்த பெருந்தொற்று வருவதற்குள் சென்னையிலும் புத்ராஜெயாவிலும் கேட்டுவைக்கலாம்.