செவிலியர்மீது எழும் முறையீடு

பிணி தீர்க்கும் பணிக்கு உறுப்பு நான்கு என வகுத்த திருவள்ளுவனார், நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றனோடு அருகிருந்து துணைபுரிவோனையும் ஒருங்கு வைத்து எண்ணினார். அந்நான்காம் உறுப்பாய் இக்காலத்து விளங்குவோர் செவிலியர். பண்டை நூல்களில் தலைவியை வளர்த்த தாய்க்கு வழங்கிய பெயரை, நோயாளரைப் பேணுவார்க்கு நம்மவர் ஆக்கிக்கொண்டமை மிகவும் பொருத்தமுடைத்து. எனினும், நற்பணி புரிவார்மீது பழி எழாது என்பது உலகியற்கை அன்று. பழி எழுந்தவிடத்து அவர் செய்யக்கடவது யாது என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

செவிலியராவார்க்குக் கல்வி மட்டும் போதாது. அவர் பெயர் சட்டத்தின்வழி அமைந்த பதிவேட்டில் ஏறியிருத்தல் வேண்டும். அப்பதிவே அவர்தம் தொழிலுரிமை. செவிலியர்க்கெனத் தனிப்பதிவுச் சட்டத்தை 1901இல் முதற்கண் இயற்றிய நாடு நியூசீலாந்து. இங்கிலாந்தில் ஃபென்விக் அம்மையாரும் அவர் தோழியரும் 1887இல் ஒரு சங்கம் நிறுவிப் பதிவுரிமைக்குப் போராடலாயினர். நைட்டிங்கேல் அம்மையாரோ, நற்செவிலியின் பண்பைத் தேர்வினாலும் பதிவினாலும் அளத்தல் இயலாது எனக் கருதி அதனை எதிர்த்தனர். முடிவில் 1919இல் சட்டம் நிறைவேறிற்று. 1921இல் திறந்த பதிவேட்டில் முதற்பெயர் ஃபென்விக் அம்மையாருடையதே. நம் சென்னை மாகாணத்திலும் 1926இல் செவிலியர் மருத்துவிச்சியர் சட்டம் எழுந்தது. பெயரைச் சேர்க்கும் ஏடு பெயரை நீக்கவும் வல்லது. முறையீடு அச்சந்தருவது அதனாலேயே.

இவ்வச்சத்தை யாம் அண்மையிற் கண்டோம். எம் தமக்கையார் இங்கிலாந்தின் மருத்துவமனை ஒன்றிற் செவிலியராய் இருக்கின்றனர். ஓரிரவு, முதியவர் ஒருவர்க்குரிய நோவு தணிக்கும் மருந்தை, அவர் இரத்த அழுத்தம் தாழ்ந்திருந்தமை கண்டு நிறுத்திவைத்து, மருத்துவர்க்கு அறிவித்தனர். காரணத்தை ஏட்டில் எழுதினர். அறிவித்த நேரத்தை மட்டும் குறித்திலர். முதியவர் நோவால் வருந்தியதைக் கண்ட அவர் மகளார், செவிலியின் புறக்கணிப்பே அதற்குக் காரணம் என்று முறையிட்டனர். செய்தி தொலைபேசியில் வந்த நாள் எம் இல்லத்தில் அடுப்பு எரியவில்லை. "வேலையை விட்டுவிட்டு ஊர்வந்து சேர், அம்மா, நமக்கு மானம் பெரிது" என்றார் எந்தையார். "விட்டு வந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டது போலாகாதா, அப்பா?" என வினவினர் தமக்கையார். எந்தையார் விடை கூறிலர். அவர் படிப்பிற்கென வாங்கிய கடன் அன்றும் முற்றத் தீர்ந்திலது. எம் கல்லூரிச் சம்பளமும் அவர் அனுப்பும் பணத்தினின்றே வருவது. ஆகவே அந்நாட்டுச் செவிலியர் மருத்துவிச்சியர் மன்றத்தின் நடைமுறையை எழுத்தெண்ணிக் கற்கத் தலைப்பட்டோம்.

முறையீடு வந்த அளவானே எவர் பெயரும் நீக்கப்படுவதில்லை. ஓராண்டில் முறையீட்டிற்கு ஆளாவோர், பதிவேட்டிலுள்ளாருள் நூற்றுக்கு ஒருவரினும் குறைவு. அம்முறையீடுகளுட் பலவும் முதல் ஆய்விலேயே முடிந்துவிடும். எஞ்சியவை புலனாய்வுக்குச் செல்லும். பின்னர் வழக்காய்வாளர் இருவர் சான்றுகளை நோக்கி, விடையிறுக்கத்தக்க வழக்கு உண்டா எனத் துணிவர். இவருள் ஒருவர் இத்தொழிலினர். மற்றவர் பொதுமக்களுள் ஒருவர். வழக்கு உண்டெனின், மூவர் கொண்ட குழு விசாரிக்கவுங்கூடும். அக்குழு விதிக்கும் ஆணைகள் நால்வகைய: ஓராண்டு முதல் 5 ஆண்டு வரை நிற்கும் எச்சரிக்கை; 3 ஆண்டு வரை நிபந்தனைக்குட்பட்ட பணி; ஓராண்டு வரை பணிவிலக்கு; பெயர்நீக்கம். பெயர்நீக்கப்பட்டார் 5 ஆண்டு கழிந்த பின்னரே மீளச்சேர விண்ணப்பிக்கலாம். இடர் பெரிதெனத் தோன்றின், விசாரணை முடியுமுன்னரே 18 திங்கள் வரையான இடைக்கால ஆணையும் பிறக்கும். இங்கிலாந்தில் குழுவின் ஆணையை எதிர்த்து 28 நாட்களுக்குள் உயர்நீதிமன்றம் புகலாம்.

ஈண்டு உற்றுநோக்கற்பாலது ஒன்றுண்டு. அன்று பிழை நேர்ந்ததா என்பதோடு குழு அமைவதில்லை. இவர் இன்று தீங்கின்றிப் பணிபுரியத் தக்கவரா என்பதே அதன் முடிந்த வினா. நோக்கம் ஒறுத்தல் அன்று, மக்களைக் காத்தல். இதனை உணர்ந்தார்க்குச் செய்யவேண்டுவன தாமே விளங்கும்.

முதலாவது, வந்த கடிதத்தைப் பெட்டியுள் இட்டுப் பூட்டலாகாது. மௌனம் குற்றத்தை மறைப்பதில்லை. சொல்லத்தக்க நியாயத்தையே மறைக்கும். வேலையைத் துறத்தலாலும் பயனில்லை. விசாரணை நிகழுங்கால் பதிவு தானே கழிந்துபோவதும் இல்லை. இரண்டாவது, தொழிற்சங்கத்தையோ சட்டமறிந்தாரையோ உடனே நாடுதல் வேண்டும். வெள்ளம் வருமுன் அணை கோலுவார் போல, வழக்கு வருமுன்னரே சங்கத்திற் சேர்ந்திருத்தல் அறிவுடைமை. மூன்றாவது, நினைவு மங்குமுன் நிகழ்ந்தவற்றை நாள், நேரம், உடனிருந்தார் பெயர் ஆகியவற்றோடு தமக்கென எழுதிவைத்தல் வேண்டும். ஆயின் அறிந்தார் ஒருவர் நோக்குமுன் மன்றத்திற்கு யாதும் விடுத்தல் ஆகாது. நான்காவது, மருத்துவமனை ஏட்டில் ஓர் எழுத்தையும் பின்னர்க் கூட்டவோ குறைக்கவோ ஒண்ணாது. கைப்பிழை பொறுக்கப்படலாம், அதனை மறைக்கச் செய்த வஞ்சனை பொறுக்கப்படுதல் அரிது. முறையிட்டாரைத் தேடிச்சென்று வாதிடுதலும் அத்தகையதே.

இந்நான்காவதே எம் தமக்கையார்க்குப் பெருஞ்சோதனையாயிற்று. நேரம் குறியாமையை ஒப்புதல் தமக்கே கேடாய் முடியும் என உடன்பணிபுரிவார் சிலர் அச்சுறுத்தினர். அவர் சங்கத்தாரோடு கலந்து, மருந்தை நிறுத்தியதன் காரணத்தைச் சான்றோடு நிலைநாட்டினர். நேரம் விடுபட்டதை மறையாது ஒப்பினர். அதனால் விளையத்தக்க தீங்கு இன்னதென எழுதினர். ஆவணம் எழுதும் முறை பற்றிய பயிற்சியை மீளவும் பெற்று அதற்குச் சான்றும் இணைத்தனர். அந்நாட்களில் ஒருநாள், அம்முறையீட்டாளரை யாம் கடிந்துரைத்தேமாக, எம் அன்னையார், "அவளும் ஒரு மகள்தானே, தகப்பன் துடிப்பதைப் பார்த்தவள் கேட்கமாட்டாளா?" என்றனர். அச்சொல்லின்பின் யாம் அவரைப் பழித்திலம். மருந்தை நிறுத்திய காரணத்தை அன்றிரவே அவர்க்கு அமைதியாய் எடுத்துரைத்திருப்பின் முறையீடே எழுந்திராது எனத் தமக்கையாரும் பின்னர்க் கூறினர். ஓராண்டு கடந்தபின், விடையிறுக்கத்தக்க வழக்கு இல்லை என வழக்காய்வாளர் முடிபு வந்தது.

சிலப்பதிகாரத்துப் பாண்டியன் ஒரு பக்கத்துச் சொல்லையே கேட்டு, ஆராயாது ஆணையிட்டான். கோவலனும் மாண்டான், அரசனும் மாண்டான், மதுரையும் எரியுண்டது. ஆராய்ச்சி என்பது குற்றமுடையார்க்கு மட்டும் அச்சந்தருவதாயினும், குற்றமற்றார்க்கும் அது தொடக்கத்திற் பகைபோலவே தோன்றும். அஃது உண்மையிற் பகையன்று. நோயாளியைக் காக்க எழுந்த அம்முறையே, மெய்யுரைக்கும் செவிலியையும் காக்கவல்லது.

நம் கல்லூரி மாணவருள் உடன்பிறந்தாரைச் செவிலியர் பணிக்கு விடுத்தார் பலர். அவர்க்கு யாம் கூற விழைவது இதுவே: கடல் கடந்து செல்வார்க்குப் பணத்தையும் பண்டத்தையும் கட்டிக்கொடுப்பதோடு அமையாது, சங்கத்திற் சேர்க என்றும், நேரத்தோடு எழுதுக என்றும், இடர் வந்துழி எம்மிடம் மறையாது உரைக்க என்றும் சொல்லி விடுப்பீராக. பிறர் துயர் துடைக்கும் கைகள் தனித்து நடுங்காதிருத்தல் வேண்டும். அதற்குத் துணைநிற்றல் நம்மனோர் கடன்.