தேநீர்ச்சாலையிற் குழூஉக்குறி

பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் குழூஉக்குறியாம் என்பது நன்னூல் பயில்வார் அறிந்ததே. ஏட்டிற் பயின்ற இவ்வழக்கு உயிரோடு நடமாடுதலை யாம் கண்டது, ஹாங்காங் நகரத்தில் எம் மாதுலர் இல்லத்திற் சின்னாள் தங்கியபோதாம்.

அந்நகரத்துச் 'சா சான் தெங்' எனப்படும் எளிய உணவுச்சாலைகள் 1950-ஆம் ஆண்டிற்குப் பின் பல்கியவை. நண்பகலில் ஆங்கே இடமும் நெருக்கம். பணியாளர்க்கு ஓய்வும் இல்லை. ஆதலின் வேண்டுவனவும் வேண்டாதனவும் சில அசைகளிலேயே முடிகின்றன. 'சௌ' என்பது 'அகல்க' என்னும் பொருட்டு. 'சௌ பிங்' எனின் பனிக்கட்டி வேண்டா. பாலுக்குக் காந்தோனிய மொழியிற் பெயர் 'நாய்'! 'சௌ நாய்' என்பது கேட்டுத் தமிழ்ச்செவி நகையாதிருத்தல் அரிது. பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பியை 'ஃபெய் சா சௌ நாய்' என்பர். மணல் பறக்க, பால் ஓட என்பது பொருள். மணல் பறந்து கல் உருளும் பெருங்காற்றைக் குறித்த பழந்தொடரிற் கல்லை நீக்கிப் பாலை வைத்த நயம் இது, மணலாவது சர்க்கரை. வெறுஞ்சோற்றுக்கு 'லெங் சாய்', அஃதாவது அழகிய இளைஞன், என்று பெயர். பொதிந்து கொண்டுபோதற்கு 'ஹாங் காய்', தெருவில் நடத்தல்.

இவை வெறும் விளையாட்டல்ல. எம் மாதுலர் நீரிழிவுடையார். குளிர்ந்த எலுமிச்சைத் தேநீர் ஆங்கு இனிப்புக் கலந்தே வரும். 'சௌ திம்' என்னும் ஈரசையே அவர் உடலைக் காக்கின்றது. அச்சொல் அறியாத முதலாண்டில், நண்பரெல்லாம் தேநீர் பருக, அவர் வெந்நீரே பருகியிருந்தாராம். ஒரு சொல் இன்மையால் ஒருவன் பலர் நடுவே தனியனாதல் கூடும் என்பதை அன்று உணர்ந்தோம்.

இன்னும் ஒன்று. பிறர் தந்த பரிசிற்கு நன்றி கூறுங்கால் 'தோ சே' என்பர். செய்த பணிக்கு நன்றி கூறுங்கால் 'ம் கோய்' என்பர். பணியாளரை அழைப்பதும் இந்த 'ம் கோய்' என்னுஞ் சொல்லாலேயே. பணி செய்யுமுன்னரே நன்றி விளியாகி நிற்கின்றது.

நிற்க. குழூஉக்குறி பிறர் அறியாவாறு பேசற்கும் உதவும். ஆயின் இவ்வுணவுச்சாலைக் குறியோ வந்தார் யாவர்க்கும் பொது. கற்றவன் அன்றே அக்குழுவினன் ஆவான். எம் விடுதி உணவறையில் நாடோறும் சோறிடுவாரை யாம் எச்சொல்லால் விளிக்கின்றோம் என்பதை நண்பர்கள் சிறிது சிந்திப்பாராக.